யூனியன் அவென்யூ 706: சன் ஒலிப்பதிவுக்கூட வரலாறும் 'சுயாதீனம்' என்னும் கருத்தும்

முன்னுரை

தமிழ் இசை பற்றிய அண்மைக்கால எழுத்துகளில் 'சுயாதீன இசை' என்னும் தொடர் பெருவழக்காகிவிட்டது. திரைப்படத்தைச் சாராத இசை, பெருநிறுவன முதலீடு இல்லாத இசை, படைப்பாளியின் விருப்பத்தையே விதியாகக் கொண்ட இசை என மூன்று பொருள்களை அத்தொடர் ஒருசேரச் சுமக்கிறது. இம்மூன்றும் ஒன்றல்ல. முதலிரண்டும் வணிக அமைப்பைக் குறிப்பன. மூன்றாவது படைப்பு நிலையைக் குறிப்பது. வணிக அமைப்பில் தனித்து நிற்கும் ஒரு நிறுவனம் படைப்பாளிக்கும் தன்னுரிமை அளித்துவிடும் என்று கொள்வதற்கு எந்த ஏதுவும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் 'சுயாதீன நிறுவனம்' என்பது குறுகிய பொருளுடைய சொல். ஆர்சிஏ விக்டர், கொலம்பியா, டெக்கா, கேப்பிடல் போன்ற பெருநிறுவனங்களின் உடைமையாக இல்லாதது என்பதே அதன் பொருள். அவ்வகை நிறுவனங்களுள் விடுதலையின் கதையாக மிக அதிகமாகச் சொல்லப்பட்டது டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் நடத்திய சன் ஒலிப்பதிவுக்கூடத்தின் கதையே. பீட்டர் குரல்னிக் 2015இல் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு தன் தலைப்பிலேயே பிலிப்ஸை ராக் அண்ட் ரோல் இசையின் கண்டுபிடிப்பாளர் என்கிறது. அக்கூடத்தின் தனித்தன்மை எதிலிருந்து பிறந்தது, அதன் பயன் யாரைச் சேர்ந்தது என்னும் இரு வினாக்களைப் பிரித்துப் பார்த்தால் அக்கதை வேறு வடிவம் பெறுகிறது.

கூலிக்குப் பதிவுசெய்த கூடம்

அலபாமாவில் 1923இல் பிறந்த பிலிப்ஸ், மெம்பிஸின் டபிள்யூஆர்இசி வானொலியில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். 1950 ஜனவரியில் யூனியன் அவென்யூ 706 என்ற முகவரியில் 'மெம்பிஸ் ரெக்கார்டிங் சர்வீஸ்' என்ற பெயரில் கூடத்தைத் திறந்தார். எதையும், எங்கும், எப்போதும் பதிவுசெய்து தரப்படும் என்பது அதன் விளம்பர வாசகம். திருமணங்கள், இறுதிச் சடங்குகள், மேடைப் பேச்சுகள் ஆகியன அதன் அன்றாடப் பிழைப்பு. கட்டணம் செலுத்தினால் எவரும் தம் குரலைத் தட்டில் பதிந்து எடுத்துச் செல்லலாம்.

இத்தொடக்கத்தைப் பின்னர் வந்த பெருமையின் முன்னுரையாக மட்டும் நோக்குவது வழக்கம். உண்மையில் அக்கூடத்தின் இயல்பைத் தீர்மானித்ததே இக்கூலித்தொழில்தான். தெற்கு மாநிலங்களில் இனப்பிரிவினை சட்டமாக நின்ற காலம் அது. மெம்பிஸின் பீல் தெருவில் ஆப்பிரிக்க அமெரிக்க இசைஞர் பலர் இருந்தனர். ஆனால் அவர்கள் சென்று பதிவுசெய்வதற்குரிய கூடம் நகரில் அரிது. பிலிப்ஸுக்கு அவ்விசைமீது உண்மையான பற்று இருந்தது என்பதில் ஐயமில்லை. பற்றோடு, யாரையும் உள்ளே விடக்கூடிய கடையும் அவரிடம் இருந்தது. பெருநிறுவனத்தின் வாசலில் தேர்வாளர் நிற்பார். இங்கு வாசலில் இருந்தது கட்டணப் பட்டியல்.

முதலிரண்டு ஆண்டுகளில் பிலிப்ஸுக்குச் சொந்தமாக இசைத்தட்டு நிறுவனமும் நிலைபெறவில்லை. பதிவுசெய்தவற்றைச் சிகாகோவின் செஸ் நிறுவனத்திற்கும் லாஸ் ஏஞ்சலிஸின் மாடர்ன் நிறுவனத்திற்கும் விற்றார். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு இங்குப் பதிவுசெய்த 'ராக்கெட் 88' அவ்வாறே செஸ்ஸுக்குச் சென்று, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. தட்டில் ஐக் டர்னரின் பெயர் குழுத்தலைவராக இடம்பெறவில்லை. பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயரும், இல்லாத ஒரு குழுவின் பெயரும் இடம்பெற்றன. டர்னருக்கு அதனால் நேர்ந்த மனக்கசப்பு பலரும் அறிந்தது. தட்டின்மேல் அச்சாகும் பெயர் கூடத்திற்கு வெளியே தீர்மானிக்கப்பட்டது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

அப்பதிவின் மற்றொரு கூறு தொழில்நுட்ப வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. வில்லி கைஸார்ட்டின் கிதார் ஒலிபெருக்கி மெம்பிஸ் வரும் வழியில் பழுதடைந்திருந்தது. கிழிந்த கூம்பில் காகிதத்தைத் திணித்துப் பதிவைத் தொடர்ந்தனர்; கரகரத்த அவ்வொலி கிதாரைச் சாக்ஸஃபோனுக்கு அண்மையில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒழுங்கான நிறுவனமாக இருந்திருந்தால் மாற்றுக் கருவிக்காகப் பதிவு தள்ளிவைக்கப்பட்டிருக்கும். பிலிப்ஸ் பழுதை ஒலியாகக் கேட்டார். அவருடைய செவியின் சிறப்பு இதுவே. அச்செவிக்கு வாய்ப்பளித்தது கூடத்தின் வறுமை.

அறையும் எதிரொலியும்

கூடத்தின் பதிவறை ஏறத்தாழ 18 அடி அகலமும் 30 அடி நீளமும் உடையது. இசைஞர் அனைவரும் ஒரே அறையில், ஒருவர் ஒலி மற்றவர் ஒலிவாங்கியில் கலக்க, ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். சமன்பாடு என்பது பெரும்பாலும் ஒருவர் ஒலிவாங்கியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதுதான்.

சன் ஒலி என்று பெயர்பெற்ற எதிரொலி 1954 அளவில் இரண்டு ஆம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவிகளின் துணையால் உருவானது. அதன் செயல்முறை எளியது. ஒலியை இரண்டாம் கருவியில் பதிவுசெய்து, நாடா பதிவுமுனையிலிருந்து மீட்புமுனைக்குச் செல்லும் அந்தச் சிறு பொழுது கழித்து, அவ்வொலியை மீண்டும் முதன்மைப் பதிவில் கலக்க வேண்டும். நொடியின் ஒரு சிறு பங்கு பிந்திவரும் இந்த ஒற்றை எதிரொலி, பெரிய மண்டபத்தின் நீண்ட முழக்கம் போன்றதன்று. அடித்த அடியை மறுபடி அடிப்பது போன்றது. ஆகவே அது இடத்தைக் காட்டுவதைவிடத் தாளத்தைக் கூட்டியது.

பிரெஸ்லியின் தொடக்ககாலப் பதிவுகளை இந்நோக்கில் கேட்பது பயனுடையது. 1954 ஜூலை 5 அன்று பதிவான 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலில் முழவு இல்லை. பிரெஸ்லியின் கிதார், ஸ்காட்டி மூரின் மின்கிதார், பில் பிளாக்கின் பெரிய பாஸ் ஆகிய மூன்றே கருவிகள். பிளாக் தம் பாஸின் நரம்புகளைப் பலகையில் மோதவிட்டு வாசித்தார். முழவு இல்லாத குறையை அம்மோதலொலி நிரப்பியது. பணமும் ஆளும் குறைவாயிருந்ததன் விளைவைப் பின்வந்தோர் ஒரு பாணியாகக் கற்றுக்கொண்டனர்.

1955 நவம்பரில் பிரெஸ்லியின் ஒப்பந்தம் ஆர்சிஏ விக்டருக்கு விற்கப்பட்டபின் நடந்தது இதற்குச் சான்று. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாடலைப் பதிவுசெய்தபோது, ஆர்சிஏ பொறியாளர்கள் சன் ஒலியை வேண்டி நடைக்கூடம் ஒன்றன் வெற்றிடத்தை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினர். கிடைத்தது சிறப்பான ஒலிதான். ஆனால் சன் ஒலியன்று. நாடாவின் தட்டலுக்குப் பதிலாகக் கட்டடத்தின் முழக்கம் வந்தது. ஒப்பந்தத்தை வாங்கியவர்க்கு அறையின் பழக்கம் கூடவே வரவில்லை.

ஒரு பாடல், இரு தட்டுகள்

சன் வரலாற்றின் உள்முரணை 'மிஸ்டரி ட்ரெயின்' என்ற ஒரே பாடலின் இரு பதிவுகள் எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாவது 1953இல் ஜூனியர் பார்க்கரும் அவர்தம் குழுவினரும் பதிவுசெய்தது. இரண்டாவது 1955 ஜூலையில் பிரெஸ்லி பதிவுசெய்தது. இரண்டும் ஒரே அறை, ஒரே பொறியாளர், இடைவெளி இரண்டே ஆண்டுகள். கிரெய்ல் மார்க்கஸ் 1975இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலுக்கு இப்பாடலின் பெயரையே சூட்டினார்.

பார்க்கரின் பதிவு மெதுவாக உருளுகிறது. தாளம் பாரமேறிய பெட்டிகளை இழுத்துச் செல்லும் எஞ்சினின் நடையில் அமைந்தது. சாக்ஸஃபோன் தொலைவில் கேட்கும் ஊதலைப் போல மூச்சும் ஒலியுமாகக் கலந்து வருகிறது. பார்க்கரின் குரல் மென்மையானது. அவர் முறையிடுவதில்லை, நிகழ்ந்ததை அறிவிக்கிறார். தொடர்வண்டி காதலியைக் கொண்டுபோய்விட்டது, இனியும் கொண்டுபோகும். வண்டியை நிறுத்தும் ஆற்றல் தமக்கு இல்லை என்பதை அறிந்தவரின் அமைதி அக்குரலில் உள்ளது. 1953இன் மெம்பிஸில் வடக்கு நோக்கிச் செல்லும் தொடர்வண்டி ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களுக்கு வெறும் உவமையன்று. மிசிசிப்பி ஆற்றுப்படுகையின் பருத்தி வயல்களிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற பெரும் புலப்பெயர்வின் வழித்தடம் இந்நகரூடே சென்றது. அவ்வண்டி யாரையேனும் கொண்டுபோகாத வீடு குறைவு.

பிரெஸ்லியின் பதிவு விரைவானது. சாக்ஸஃபோன் இல்லை, பியானோ இல்லை, முழவும் இல்லை. மூரின் கிதார் இடைவிடாமல் ஓடுகிறது. அவ்வோட்டத்தின் அடிப்படையான இசைத்தொடர் பார்க்கரின் தட்டின் மறுபக்கத்தில் இருந்த 'லவ் மை பேபி' பாடலில் ஃபிளாய்ட் மர்ஃபி வாசித்ததிலிருந்து வந்தது. ஆக, பிரெஸ்லியின் பதிவு பார்க்கரின் தட்டில் ஒரு பக்கத்தின் சொற்களையும் மறுபக்கத்தின் இசையையும் இணைத்து ஆக்கப்பட்டது எனலாம். இது திருட்டு என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காது. வண்டியைப் பற்றிய அடிகள் சிலவும் பார்க்கருக்கே முழு உரிமையானவை அல்ல. கார்ட்டர் குடும்பத்தார் 1930இல் பதிவுசெய்த பாடல் ஒன்றிலும் அவை உள்ளன. வெள்ளையரும் கறுப்பரும் தமக்குள் கொண்டும் கொடுத்தும் புழங்கிய நாட்டார் பொதுச்சொத்து அது.

இறுதிப் பகுதியில் பிரெஸ்லி செய்த மாற்றமே முதன்மையானது. பார்க்கரின் பாடலில் வண்டி மீண்டும் கொண்டுபோகும். பிரெஸ்லியின் பாடலில் அது இனி ஒருபோதும் கொண்டுபோகாது. ஒரு சொல்மாற்றத்தால் புலம்பல் சூளுரையாகிறது. பாடல் முடிந்து ஒலி தேயும் தறுவாயில் பிரெஸ்லி எழுப்பும் களிப்பொலியும் தட்டில் பதிவாகியுள்ளது. கலைநோக்கில் இரண்டாம் பதிவு முதலாவதின் நகலன்று. ஊழை ஏற்ற ஒரு பாடலை ஊழை மறுக்கும் பாடலாகத் திருப்பியது அது. அம்மறுப்பின் துணிவு உண்மையானதே. வண்டியை நிறுத்திவிட முடியும் என்று நம்புவது அந்நகரில் யாருக்கு எளிதாயிருந்தது என்ற கேள்வியும் உண்மையானதே. இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது இரண்டாவதின் மகிழ்ச்சி சற்றே கனக்கிறது.

பிரெஸ்லியின் தட்டில் பார்க்கரோடு சாம் பிலிப்ஸின் பெயரும் பாடலாசிரியராக இடம்பெற்றது. கூடத்தின் உரிமையாளர் பாடலுக்கும் பங்குரிமை கொள்வது அக்காலச் சிறுநிறுவனங்களில் அரிதான செயலன்று. அதற்குள் பார்க்கர் ஹூஸ்டனின் டியூக் நிறுவனத்திற்குச் சென்றுவிட்டிருந்தார். பிலிப்ஸ் அந்நிறுவனத்தின்மேல் ஒப்பந்த மீறல் வழக்குத் தொடுத்து இழப்பீடும் பெற்றார். பெருநிறுவனத்தை எதிர்த்து நின்ற சிறுநிறுவனம் என்னும் சித்திரத்தில் சிறுநிறுவனங்கள் தமக்குள் நடத்திய இவ்வழக்குகளுக்கு இடமில்லை. டியூக் நிறுவனமோ ஆப்பிரிக்க அமெரிக்கரான டான் ரோபியின் உடைமை. சன்னின் முதல் வெற்றித்தட்டான ரூஃபஸ் தாமஸின் 'பேர் கேட்', அவருடைய மற்றொரு நிறுவனமான பீகாக் வெளியிட்ட 'ஹவுண்ட் டாக்' பாடலுக்கு விடைப்பாடலாக அமைந்தது. பதிப்புரிமை வழக்கில் பிலிப்ஸ் தோற்றார். 1953இல் ஈட்டிய வெற்றியின் ஊதியத்தில் ஒரு பகுதி அவ்வாறு கரைந்தது.

சிறுமையின் விலை

சுயாதீன நிறுவனத்துக்குத் தோல்வியைவிட வெற்றியே ஆபத்தானது என்பது அக்கால இசைத்தட்டு வணிகத்தின் கசப்பான கணக்கு. தட்டு அச்சிடும் ஆலைக்கு முன்பணம் கட்ட வேண்டும். விநியோகஸ்தர் பணத்தைத் தாமதமாகத் தருவார். விற்காத தட்டுகளைத் திருப்பியும் அனுப்புவார். ஒரு பாட்டு நாடெங்கும் ஓடத் தொடங்கினால் தேவைப்படும் முதல் உடனே பன்மடங்காகும். ஆர்சிஏ தந்த 35,000 டாலரும், பிரெஸ்லிக்குச் சன் தரவேண்டியிருந்த உரிமத்தொகைக்காக அளிக்கப்பட்ட 5,000 டாலரும் அன்று ஒரு பாடகருக்காகக் கேள்விப்படாத தொகை. பிலிப்ஸ் ஏமாந்தார் என்று பின்னாளில் எளிதாகச் சொல்லப்பட்டது. அப்பணம் இல்லாமல் 1956இல் கார்ல் பெர்கின்ஸின் 'ப்ளூ சுவேட் ஷூஸ்' தட்டை அவ்வளவு பேரளவில் சந்தைக்குக் கொண்டுசென்றிருக்க இயலுமா என்பது கேட்கத்தக்க வினா.

விற்பனை சன்னைக் காத்தது. ஆனால் எவரையும் நிலையாக வைத்துக்கொள்ளும் ஆற்றலை அதற்கு அளிக்கவில்லை. ஜானி கேஷும் பெர்கின்ஸும் 1958இல் கொலம்பியாவுக்குச் சென்றனர். பிரெஸ்லி, பெர்கின்ஸ், கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகிய நால்வரும் 1956 டிசம்பர் 4 அன்று தற்செயலாகக் கூடிப் பாடிய நிகழ்வு இன்று சன்னின் அடையாளச் சித்திரமாகியுள்ளது. அன்று பிரெஸ்லி அங்கு விருந்தினர். ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் பாடகர்.

நால்வரும் வெள்ளையர் என்பதும் அச்சித்திரத்தின் பகுதியே. 1950 முதல் 1954 வரை இக்கூடத்துக்குப் பெயர் தேடித்தந்தவர்கள் ஹவ்லின் உல்ஃப், பி. பி. கிங், ரூஃபஸ் தாமஸ், பார்க்கர், ராஸ்கோ கார்டன் ஆகியோர். டென்னசி மாநிலச் சிறையிலிருந்து காவலருடன் அழைத்துவரப்பட்டுப் பாடிய பிரிசனேர்ஸ் குழுவினரையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும்; சுயாதீனம் பற்றிய ஆய்வில் அவர்கள் அடிக்குறிப்பாக ஒதுக்கப்படுவது வருந்தத்தக்கது. பிரெஸ்லிக்குப் பின் சன் ஏறத்தாழ முழுமையாக வெள்ளை இளைஞர் பக்கம் திரும்பியது. பிலிப்ஸ் தம்மைக் கைவிட்டதாக ரூஃபஸ் தாமஸ் பிற்காலத்தில் வெளிப்படையாகவே குறைபட்டார். கறுப்பர்களின் உணர்வோடு பாடும் வெள்ளையர் கிடைத்தால் பெரும்பொருள் ஈட்டலாம் என்று பிலிப்ஸ் சொன்னதாக ஒரு கூற்று, கூடத்தின் அலுவலகத்தை நடத்திய மரியன் கைஸ்கர் வழியே பரவியுள்ளது. அவர் அவ்வாறு சொன்னாரா, எந்தத் தொனியில் சொன்னார் என்ற விவாதம் முடிவின்றி நீள்கிறது. அவ்விவாதம் தேவையற்றது. தட்டுகளின் வெளியீட்டு வரிசையே போதிய சான்று.

பிலிப்ஸின் தரப்புக்கும் செவிகொடுக்க வேண்டும். அவர் இனவெறியரல்லர், தாம் பதிவுசெய்தவர் அனைவருள்ளும் ஹவ்லின் உல்ஃபையே இறுதிவரை மிக உயர்த்திப் பேசிவந்தார். உல்ஃபைச் சிகாகோவுக்கு இழந்தது அவரைப் பாதித்தது. ஆனால் தனிமனிதப் பற்று ஒரு நிறுவனத்தின் கொள்கையாக நீடிக்க அதைத் தாங்கும் முதல் வேண்டும், வானொலி வேண்டும், கடைத்தெரு வேண்டும். அன்றைய சந்தை ப்ளூஸ் தட்டுக்கு வரம்பு வகுத்திருந்தது; அதே இசையை வெள்ளை இளைஞர் பாடியபோது வரம்பு அகன்றது. சன் எந்தப் பெருநிறுவனத்திற்கும் கட்டுப்படவில்லை. அந்தச் சந்தைக்குக் கட்டுப்பட்டது.

மரியன் கைஸ்கரின் இடமும் இதனோடு எண்ணத்தக்கது. 1953 கோடையில் பிரெஸ்லி முதன்முதலில் கட்டணம் கட்டிப் பாட வந்தபோது தாமே அவரைக் கவனித்ததாகவும், குரலின் ஒரு பகுதியை நாடாவில் எடுத்துவைத்ததாகவும் கைஸ்கர் கூறினார். அன்று கருவியை இயக்கியவர் தாமே என்றார் பிலிப்ஸ். யார் கூற்று சரி என்று இன்று நிறுவ வழியில்லை. ஆனால் கண்டுபிடித்தவர் ஒருவரே இருக்க வேண்டும் என்ற கதையின் தேவைதான் இம்முரண்பாட்டை இவ்வளவு பெரிதாக்கியது. பெயர்களைக் குறித்துவைத்து, கடிதங்களுக்கு விடை எழுதி, வாசலில் வந்தவரை இருக்கச் சொன்ன உழைப்பில்லாமல் அக்கூடம் இயங்கியிருக்காது. காலின் எஸ்காட்டும் மார்ட்டின் ஹாக்கின்ஸும் எழுதிய சன் வரலாறு பதிவுக்குறிப்புகளையும் தட்டு எண்களையும் நம்பி நடப்பதால், குரல்னிக்கின் காவியத்தன்மை இன்றியும், இவ்வகைப் பலருழைப்பை ஓரளவு காணவிடுகிறது.

பிற்காலம்

1960இல் பிலிப்ஸ் மேடிசன் அவென்யூ 639இல் புதிய, விரிவான கூடம் ஒன்றைத் திறந்தார். கருவிகள் மேம்பட்டன, பழைய ஒலி திரும்பவில்லை. ஹாலிடே இன் விடுதிகளில் செய்த முதலீடும் வானொலி நிலையங்களும் அவருடைய கவனத்தை ஈர்த்தன. அதே ஆண்டில் ரூஃபஸ் தாமஸ் தம் மகள் கார்லாவுடன் மெக்லெமோர் அவென்யூவிலிருந்த பழைய திரையரங்கு ஒன்றுக்குச் சென்றார். ஜிம் ஸ்டூவர்ட்டும் எஸ்டெல் ஆக்ஸ்டனும் அங்கு நடத்திய சிறு நிறுவனம் விரைவில் ஸ்டாக்ஸ் என்று பெயர்பெற்றது. சன் விட்டுச்சென்ற இடத்தை மெம்பிஸின் கறுப்பின இசைஞர்க்கு மீட்டளித்தது அந்த மற்றொரு சுயாதீனக் கூடமே.

சன் நிறுவனம் 1969இல் ஷெல்பி சிங்கிள்டனுக்கு விற்கப்பட்டது. யூனியன் அவென்யூ கட்டடம் 1987இல் மீண்டும் பதிவுக்கூடமாகி, 2003இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. விற்பனையோடு கைமாறிய நாடாக்களில், அன்று சந்தைக்கு ஒவ்வாதவை என்று வெளியிடப்படாமல் கிடந்த ப்ளூஸ் பதிவுகள் ஏராளமாக இருந்தன. இங்கிலாந்தின் சார்லி நிறுவனம் 1980களில் அவற்றைத் தொகுத்துப் பெட்டித்தட்டுகளாக வெளியிட்டபோதுதான் கூடத்தின் முதல் நான்காண்டுகளை முழுமைக்கு அண்மையில் கேட்க முடிந்தது. ஜூனியர் பார்க்கர் 1971இலும் ஹவ்லின் உல்ஃப் 1976இலும் இறந்துவிட்டிருந்தனர்.